தீராத ஒற்றைத் தலைவலிக்குச் சத்து மாத்திரைகள்: முதல் டப்பா வாங்குவதற்கு முன் படியுங்கள்

ஒரே ராத்திரியில் ஐந்து டப்பா ஆர்டர் செய்தவள் நான். மெக்னீசியம், வைட்டமின் பி2, கோஎன்சைம் கியூ10, வைட்டமின் டி, அப்புறம் தலைவலிக்கென்றே பெயர் போட்டு விற்கும் ஒரு மூலிகைக் கலவை. அந்த மாதம் 18 நாள் தலைவலி. யார் எதைச் சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

டப்பாக்கள் வந்த மறுநாள் காலையிலிருந்தே ஐந்தையும் சேர்த்து விழுங்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. எதனால் என்று தெரியாததால் ஐந்தையும் நிறுத்தினேன். இரண்டு வாரம் கழித்து, கைக்குக் கிடைத்த மூன்றை மட்டும் மறுபடி தொடங்கினேன். தலைவலி கொஞ்சம் குறைந்தது மாதிரி இருந்தது. எதனால் குறைந்தது என்று அதுவும் தெரியவில்லை. பணம் போனது, ஐந்து மாதம் போனது, கையில் ஒரு பதிலும் இல்லை.

அதற்குப் பிறகு ஒழுங்காக, ஒவ்வொன்றாக, எழுதி வைத்துக்கொண்டு செய்ததைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இதில் வரும் அளவுகள் ஆய்வுகளில் பயன்படுத்தியவை. உங்களுக்கு அவை பொருந்துமா என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

1. இது ஒற்றைத் தலைவலிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

பாதித் தலை வலித்தால் ஒற்றைத் தலைவலி என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். இரண்டு பக்கமும் வலிக்கிற மைக்ரேன் (ஒற்றைத் தலைவலியின் மருத்துவப் பெயர்) உண்டு; ஒரு பக்கம் மட்டும் வலிக்கிற வேறு தலைவலிகளும் உண்டு. மருத்துவர்கள் 'நாள்பட்ட மைக்ரேன்' என்று சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: மாதம் 15 நாள் அல்லது அதற்கு மேல் தலைவலி, அதில் குறைந்தது 8 நாளாவது மைக்ரேனின் குணத்தோடு, இப்படி 3 மாதத்துக்கு மேல். மைக்ரேனின் குணம் என்றால் துடிக்கிற வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது, நடந்தாலே வலி கூடுவது போன்றவை.

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்: சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் வலி, கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல், புதிதாக வந்த பார்வைக் கோளாறு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, தலையில் அடிபட்ட பின் வந்த வலி, 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வந்த தலைவலி, கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வந்தது. பல வருடமாக இருக்கிற தலைவலி திடீரென்று தன் குணத்தை மாற்றிக்கொண்டாலும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

2. நான்கு வாரம் எதையும் வாங்காதீர்கள், எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன். பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர், "போன மாதம் எத்தனை நாள் வலி, அதற்கு முந்தைய மாதம் எத்தனை நாள்?" என்று கேட்டபோது விழித்தேன். "அடிக்கடி வரும் டாக்டர்" என்பது ஒரு பதிலே இல்லை.

ஒரு சாதாரண நோட்டு போதும். செல்பேசிச் செயலிகளும் இருக்கின்றன, ஆனால் வலி வந்திருக்கும்போது திரை வெளிச்சத்தைப் பார்ப்பது எனக்குக் கொடுமை, அதனால் நோட்டும் பென்சிலும்தான். ஒரு நாளுக்கு ஒரு வரி. அதில் எழுத வேண்டியவை:

தேதி, வலி இருந்ததா இல்லையா, எத்தனை மணி நேரம், 0 முதல் 10 வரை எவ்வளவு கடுமை, என்ன வலி மாத்திரை, எத்தனை, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், மாதவிடாய் நாளா, வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போக முடிந்ததா.

வலி இல்லாத நாளையும் எழுதுங்கள். அது விட்டுப்போனால் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். காரணம் தேடி அரைப்பக்கம் எழுதவும் வேண்டாம். இரண்டாவது வாரத்திலேயே அலுத்துப்போய் நோட்டை விட்டுவிடுவீர்கள்.

ஏன் நான்கு வாரம்? நாம் புதிய மாத்திரையைத் தேடுவது எப்போதுமே மிக மோசமான மாதத்தில்தான். மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் தானாகவே கொஞ்சம் தேறும். அந்தத் தேறுதலை மாத்திரையின் கணக்கில் எழுதிவிட்டால், வேலை செய்யாத டப்பாவை வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்போம். மாதவிடாய்ச் சுழற்சியோடு வலி கூடிக் குறைகிறவர்களுக்கு ஒரு முழுச் சுழற்சியாவது நோட்டில் இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு மாதம் எழுதுங்கள்.

கூடவே 'மைடாஸ்' என்ற கேள்வித்தாளையும் ஒரு முறை நிரப்பி வையுங்கள். ஐந்தே கேள்விகள், கடந்த 3 மாதத்தில் தலைவலியால் எத்தனை நாள் கெட்டது என்பதைப் பற்றி. மொத்தம் 21 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பாதிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்று மாதம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பும்போது உதவும்.

3. வலி மாத்திரை போட்ட நாள்களை எண்ணுங்கள்

நோட்டில் எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ச்சி இதுதான். தலைவலி 18 நாள். வலி மாத்திரை போட்ட நாள் 16.

வலிக்குப் போடும் மாத்திரையே அடிக்கடி போட்டால் தலைவலியை உண்டாக்கும். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற சாதாரண மாத்திரைகளை மாதம் 15 நாள் அல்லது அதற்கு மேல் 3 மாதத்துக்கு மேலாகப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த ஆபத்து இருக்கிறது. டிரிப்டான் வகை, எர்காட் வகை (இரண்டும் மைக்ரேன் வலி வந்ததும் போடுபவை), ஓபியாய்டு வகை (கடும் வலிக்கான, பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரைகள்), பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே எல்லை. காஃபீன் கலந்த தலைவலி மாத்திரைகள் இந்தக் கூட்டு வகையில்தான் வரும். பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கவனியுங்கள், எண்ண வேண்டியது நாள்களை, மாத்திரைகளை இல்லை. ஒரே நாளில் மூன்று போட்டாலும் அது ஒரு நாள்தான்.

உங்கள் எண்ணிக்கை இந்த எல்லையைத் தொட்டிருந்தால், சத்து மாத்திரை எதையும் தொடங்கும் முன் இதைச் சரி செய்ய வேண்டும். இல்லையென்றால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள். முதல் சில நாள்கள், சிலருக்குச் சில வாரங்கள், வலி கூடத்தான் செய்யும். எனக்குப் பத்து நாள் நரகம். ஓபியாய்டு வகையோ தூக்கத்துக்கான மருந்து கலந்ததோ என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

4. மருத்துவரிடம் எடுத்துப்போக வேண்டிய காகிதங்கள்

பத்து நிமிடச் சந்திப்பில் எல்லாவற்றையும் வாயால் சொல்லி முடிக்க முடியாது. ஒரு கோப்பில் இவற்றை வைத்துக் கொண்டுபோங்கள்:

நோட்டின் சுருக்கம், ஒரே பக்கத்தில். மாதவாரியாகத் தலைவலி நாள், கடுமையான நாள், வலி மாத்திரை நாள், இந்த மூன்று எண்கள் போதும். முழு நோட்டையும் நீட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளும், அளவோடு. கருத்தடை மாத்திரை, தைராய்டு மாத்திரை, புரோட்டீன் பொடி, மூலிகைச் சூரணம் எல்லாம் இதில் சேரும். "அது மருந்து இல்லையே" என்று விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமான தப்பு.

முன்பு எடுத்துப் பார்த்த தடுப்பு மருந்துகள், அதாவது தலைவலி வராமலிருக்கத் தினமும் எடுப்பவை: பெயர், அதிகபட்ச அளவு, எத்தனை மாதம், ஏன் நிறுத்தினீர்கள். புரோப்ரனோலோல், அமிட்ரிப்டிலின், டோபிராமேட் போன்றவற்றை இரண்டே வாரம் எடுத்துவிட்டு "பலிக்கவில்லை" என்று எழுதாதீர்கள்; அவையும் வேலை காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும்.

ரத்தப் பரிசோதனை அறிக்கைகள். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி. கடந்த ஒரு வருடத்துக்குள் எடுத்தது இருந்தால் மறுபடி எடுக்கத் தேவையில்லை என்று சொல்லலாம், கேட்டுப் பாருங்கள். அந்தச் செலவு மிச்சம்.

வாங்க நினைக்கும் மாத்திரையின் லேபிள் படம், முன்னும் பின்னும்.

மருத்துவர் சத்து மாத்திரை என்றதும் முகம் சுளித்தால் பின்வாங்காதீர்கள். "இதை எடுத்தால் பலிக்குமா?" என்று கேட்காமல், "என் சிறுநீரகத்துக்கும் நான் எடுக்கும் மற்ற மருந்துகளுக்கும் இது ஒத்துவருமா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். ஏற்கெனவே ஒரு தடுப்பு மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு இதற்கு மாறாதீர்கள். கூடவே எடுப்பது வேறு, மாற்றாக எடுப்பது வேறு. எனக்கும் ஒரு தடுப்பு மருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. சோதித்த மாதங்களில் அதன் அளவை மாற்றவில்லை.

கர்ப்பமாக இருந்தால், அதற்குத் திட்டமிட்டால், பாலூட்டினால், கீழே வருவதில் எதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

5. எதில் தொடங்குவது

முதலில் ஒரு உண்மை. கீழே சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் விட்டு விட்டு வரும் மைக்ரேன் உள்ளவர்களை வைத்து நடந்தவை. அதாவது மாதம் 15 நாளுக்குக் குறைவாக வலி உள்ளவர்கள். நாள்பட்டவர்களுக்கு அதே பலன் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆய்வுகள் சிறியவையும்கூட.

பி2, அதாவது ரைபோஃபிளேவின். என் கணக்கில் இதுதான் முதலில் சோதிக்க ஏற்றது: விலை குறைவு, தொந்தரவு குறைவு. 1998இல் வெளிவந்த பெல்ஜிய ஆய்வில் 55 பேருக்கு 3 மாதம் தினமும் 400 மி.கி. அல்லது வெற்று மாத்திரை (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) கொடுத்தார்கள். தலைவலி நாள்கள் பாதியாவது குறைந்தவர்கள் பி2 குழுவில் 59 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 15 சதவீதம். உடம்பின் அன்றாடத் தேவை 1 மி.கி.யைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். எனவே சாதாரண மல்டிவைட்டமினில் இருக்கும் பி2 இந்தக் கணக்குக்கு எட்டாது. 'பி காம்ப்ளெக்ஸ்' வாங்கி நான்கு மடங்காக விழுங்குவது அதைவிடத் தப்பு, காரணம் கீழே வருகிறது. சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போகும். பயப்பட வேண்டாம், மிஞ்சிய பி2 வெளியேறுகிறது. சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரலாம்.

மெக்னீசியம். அதிகம் பேசப்படுவது, என்னைப் படுத்தியெடுத்ததும் இதுவே. 1996இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில் தினமும் 600 மி.கி. மெக்னீசியத்தை சிட்ரேட் வடிவில் 12 வாரம் கொடுத்தார்கள். கடைசி வாரங்களில் தாக்குதல்கள் சுமார் 42 சதவீதம் குறைந்திருந்தன, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 சதவீதம். அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை, மெக்னீசியம் எடுத்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு வயிறு இளகியது. சிறுநீரகம் பழுதானவர்கள் தொடவே கூடாது. உடம்பு அதை வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் ஏறிவிடும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு மாத்திரையாக எடுக்கும் மெக்னீசியத்தின் பொது உச்ச வரம்பு ஒரு நாளைக்கு 350 மி.கி. ஆய்வு அளவு அதைத் தாண்டுகிறது, அதனால்தான் மருத்துவர் கண்காணிப்பு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கோஎன்சைம் கியூ10, உடம்பே தயாரிக்கும் ஒரு பொருள். 2005இல் வந்த ஆய்வு, 42 பேர், 100 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று முறை, 3 மாதம். தாக்குதல்கள் பாதியாவது குறைந்தவர்கள் சுமார் 48 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 14 சதவீதம். மூன்றில் இதுதான் பையைக் காலி செய்வது. கொழுப்போடு கரையும் பொருள், வெறும் வயிற்றில் எடுத்தால் சரியாகச் சேராது; சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடலாம்.

மெலட்டோனின், தூக்கத்தோடு தொடர்புள்ள ஹார்மோன். 3 மி.கி. அளவில், இரவு படுக்கப் போகும் முன் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். சில நாடுகளில் கடையில் சும்மா கிடைக்கும், சில நாடுகளில் சீட்டு வேண்டும். தூக்கமும் கெட்டிருந்தால் மருத்துவரிடம் கேட்கலாம்.

வைட்டமின் டி. ரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் மட்டும். பார்க்காமலே அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்.

அப்புறம், வேண்டாதவை. பட்டர்பர் என்ற மூலிகையைப் பழைய கட்டுரைகள் இன்னும் புகழ்ந்துகொண்டிருக்கின்றன. 2012இல் அமெரிக்க நரம்பியல் கழகத்தின் வழிகாட்டுதலில் அது முதல் தரத்தில் இருந்தது உண்மைதான். கல்லீரல் பாதிப்பு பற்றிய கவலையால் 2015இல் அந்த வழிகாட்டுதலையே விலக்கிக்கொண்டார்கள். தள்ளியே இருங்கள். என் ஐந்தாவது டப்பாவில், அந்த மூலிகைக் கலவையில், இது இருந்தது, பொடி எழுத்தில்.

ஃபீவர்ஃபியூ என்ற மூலிகை கர்ப்பிணிகளுக்கு ஆகாது, செவ்வந்திக் குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கும் ஆகாது. நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தலைவலி திரும்பி அடிக்கும். மனச்சோர்வுக்கென்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், 5-எச்டிபி இரண்டையும் மனச்சோர்வு மருந்துகளோடு சேர்க்கவே கூடாது, டிரிப்டான் எடுப்பவர்களும் கேட்காமல் தொடக் கூடாது. மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற ரசாயனம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கருத்தடை மாத்திரையின் வேலையையும் கெடுக்கும்.

6. லேபிளைப் படியுங்கள், செலவைக் கணக்கிடுங்கள்

முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பாதீர்கள். '500 மி.கி. மெக்னீசியம் சிட்ரேட்' என்று இருந்தால் அதில் 500 மி.கி. மெக்னீசியம் இல்லை. சிட்ரேட்டில் ஏறக்குறைய 16 சதவீதம்தான் மெக்னீசியம், அதாவது 80 மி.கி. கிளைசினேட் என்றால் 14 சதவீதம். ஆக்சைடு என்றால் 60 சதவீதம், ஆனால் அது உடம்பில் சேர்வது குறைவு, வயிற்றைக் கலக்குவது அதிகம். நான் முதலில் வாங்கியது ஆக்சைடுதான், மலிவாக இருந்தது. பின்பக்கத்தில் 'எலிமென்டல்' (உள்ளே இருக்கும் மெக்னீசியம் மட்டும்) என்று தனியாகப் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அது இல்லாத டப்பாவை அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது 'ஒரு வேளை' என்பது எத்தனை மாத்திரை என்ற வரி. சில டப்பாக்களில் ஒரு வேளை என்பது மூன்று மாத்திரை. லேபிளில் உள்ள அளவு மூன்றுக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, கூட்டுக் கலவைகள். 'மைக்ரேன் ஃபார்முலா' என்று நான்கைந்தைக் கலந்து விற்பதில் பி6 இருக்கிறதா பாருங்கள். பி6 அதிக அளவில் பல மாதம் உள்ளே போனால் கை கால் நரம்புகள் மரத்துப்போகும். பி காம்ப்ளெக்ஸைப் பெருக்கி விழுங்காதீர்கள் என்றது இதனால்தான். பயோட்டின் என்ற இன்னொரு பி வைட்டமின் இருந்தால் தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் குழப்பும். ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். கூட்டுக் கலவையில் இன்னொரு சிக்கல், பலித்தாலும் எது பலித்தது என்று தெரியாது.

வெளிச் சோதனைக்கூடம் சரிபார்த்த முத்திரை இருப்பது நல்லது. 'யு.எஸ்.பி. வெரிஃபைட்', 'என்.எஸ்.எஃப்.' போன்றவை அப்படிப்பட்டவை. அந்த முத்திரை, உள்ளே இருப்பது லேபிளில் சொன்னதுதான் என்பதற்கு அத்தாட்சி. தலைவலி போகும் என்பதற்கு இல்லை.

செலவை டப்பா விலையில் பார்க்காதீர்கள், 12 வாரத்துக்குப் பாருங்கள். 100 மி.கி. கியூ10, டப்பாவுக்கு 60. நாளுக்கு மூன்று என்றால் 20 நாளில் தீர்ந்துவிடும். 84 நாளுக்கு 252 வேண்டும், அதாவது ஐந்து டப்பா. 100 மி.கி. பி2, டப்பாவுக்கு 100, நாளுக்கு நான்கு என்றால் 336 வேண்டும், நான்கு டப்பா. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் பி2வை முன்னால் வைத்தேன்.

தள்ளுபடி என்று எல்லா டப்பாவையும் ஒரே தடவையில் வாங்காதீர்கள். ஒன்று வாங்கி இரண்டு வாரம் பாருங்கள். வயிறு ஒத்துக்கொண்டால் மீதி. திறந்த டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடை அரிது. ரசீதை வையுங்கள், தொகுதி எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், மருத்துவர் சீட்டில் எழுதிக்கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எனக்கு வைட்டமின் டி மட்டும் கிடைத்தது, அதுவும் ரத்த அறிக்கை இணைத்த பிறகு.

7. ஒரு நேரத்தில் ஒன்று, 12 வாரம்

தொடங்கிய தேதியை நோட்டில் பெரிதாக எழுதுங்கள். இந்த 12 வாரத்தில் வேறு எதையும் மாற்றாமல் இருக்கப் பாருங்கள்: புதிய மருந்து, புதிய கண்ணாடி, திடீர்ப் பட்டினி, காஃபீனைச் சட்டென்று நிறுத்துவது எதுவும் வேண்டாம். முடியாமல் போனால் மாற்றத்தையும் தேதியோடு எழுதிவிடுங்கள்.

மெக்னீசியத்தை முழு அளவில் தொடங்காதீர்கள். 100 மி.கி.யில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படி ஏற்றி, மருத்துவர் சொன்ன அளவுக்கு வாருங்கள். இரண்டு வேளையாகப் பிரித்து, சாப்பாட்டோடு. வயிறு இளகினால் முந்தைய படிக்கு இறங்குங்கள். தைராய்டு மாத்திரைக்கும் மெக்னீசியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக், எலும்புத் தேய்வு மாத்திரை இவற்றோடும் சேர்த்து எடுக்கக் கூடாது. எவ்வளவு இடைவெளி என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். நான் காலையில் தைராய்டு, மதியமும் இரவும் மெக்னீசியம் என்று பிரித்துக்கொண்டேன்.

பி2வைக் காலையும் மதியமுமாகப் பிரித்துச் சாப்பாட்டோடு எடுக்கலாம். ஒரே தடவையில் உடம்பு கொஞ்சம்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் பொருள், ஆகவே கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி மேஜை மேல் வைக்காதீர்கள். பயணத்திலும் லேபிளோடு உள்ள டப்பாவிலேயே கொண்டுபோவது நல்லது, எல்லைச் சோதனையில் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

முதல் மாதத்தில் ஒன்றும் நடக்காது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நான்காவது வாரத்தில், "இதுவும் பலிக்கவில்லை" என்று அடுத்த டப்பாவைத் திறக்கக் கை துறுதுறுக்கும். திறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மூன்று பொருளைச் சோதிக்க, இடையில் விடும் நாள்களோடு சேர்த்து, கிட்டத்தட்ட பத்து மாதம் ஆகும்.

வலி வந்த நேரத்தில் இவற்றைக் கூடுதலாகப் போட்டால் வலி போகாது. இவை தடுப்பதற்கு. வலி வந்தால் வலி மருந்துதான், 3ஆம் படியில் சொன்ன எல்லைக்குள்.

8. எண்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

தொடங்கும் முன் இருந்த நான்கு வாரத்தையும், 9 முதல் 12ஆம் வாரம் வரையிலான நான்கு வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைவலி நாள், கடுமையான நாள், வலி மாத்திரை நாள். நாள்பட்டவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே நல்ல பலன்தான்; பாதி குறைந்தால் கொண்டாடலாம். 15 நாள் 14 ஆனால் அது ஒன்றும் இல்லை, மாதத்துக்கு மாதம் தானாகவே அவ்வளவு ஆடும். எண் அசையவில்லை என்றால், எவ்வளவு பிடித்த டப்பாவாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். தொடக்கம் 18 நாள். வலி மாத்திரையை 16 நாளிலிருந்து 7 நாளுக்குக் குறைத்த மூன்று மாதத்தில் 13. அப்போது ஒரு சத்து மாத்திரைகூட எடுக்கவில்லை. பி2க்குப் பிறகு 9. மெக்னீசியத்தைச் சேர்த்தபோது 8, அதாவது வித்தியாசம் இல்லை, நிறுத்தினேன். கியூ10க்குப் பிறகும் 8. ஐந்து டப்பா விலை கொடுத்த பிறகு அதை நிறுத்த மனசு வரவில்லை, இன்னும் ஒரு மாதம் இழுத்துப் பார்த்தேன். 9 ஆனது. இது என் உடம்பின் கணக்கு. மெக்னீசியத்தால் மட்டும் தேறியவர்களை எனக்குத் தெரியும்.

பலித்ததைக்கூட வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். எண் ஏறாவிட்டால் அந்தச் செலவு இனி இல்லை. நான் பி2வை நிறுத்திய மாதம் 12 நாள் வந்தது. மறுபடி தொடங்கியிருக்கிறேன், அடுத்த நிறுத்தத்துக்கு நோட்டில் தேதி குறித்திருக்கிறேன். அறுவைச் சிகிச்சை ஏதாவது முடிவானால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் எல்லா டப்பாவையும் காட்டி, எதை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.